கணக்குக் கேட்கும் நாற்காலி: அரசின் செலவை எதிர்க்கட்சி உறுப்பினர் எப்படிச் சோதிக்கிறார்?

2023 மார்ச் 23ஆம் தேதி, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மத்திய பட்ஜெட்டுக்கு மக்களவை ஒப்புதல் கொடுத்தது. விவாதம் எதுவும் நடக்கவில்லை. எல்லாம் முடிய 12 நிமிடம் ஆனது என்று அன்றைய செய்திகள் சொல்லின. அதானி குழுமம் பற்றி நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் ஒரு பக்கம் முழக்கமிட்டன. லண்டனில் பேசியதற்காக ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சி மறுபக்கம் முழக்கமிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு வருடத்துக்கான பணம் ஒதுக்கப்பட்டது. 2018இலும் இப்படித்தான், கூச்சல் குழப்பத்தில் பட்ஜெட் விவாதம் இல்லாமலே நிறைவேறியது.

எதிர்க்கட்சிக்கு வாக்கெடுப்பில் ஜெயிக்கும் எண்ணிக்கை இல்லை. அப்படியானால் அவர்கள் அவையில் இருந்து என்னதான் செய்ய முடியும் என்று பலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் எண்ணிக்கை இல்லாதவர்களுக்கென்றே நம் நாடாளுமன்ற முறையில் சில கருவிகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் டிவியில் வராதவை. அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிற உறுப்பினர் யார், பயன்படுத்தாதவர் யார் என்பதை வைத்துத்தான் ஒரு எதிர்க்கட்சியை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், பணம் செலவாவதற்கு முன்னால் நடப்பது. பட்ஜெட் உரை முடிந்ததும் ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு வேண்டிய தொகையை மானியக் கோரிக்கையாக மக்களவை முன் வைக்கிறது. அதன் மீது எந்த உறுப்பினரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையையே ஏற்கவில்லை என்றால், கோரிய தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்பார்கள். வீண்செலவு என்று நினைத்தால், இவ்வளவு தொகையைக் குறையுங்கள் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட குறையை மட்டும் சொல்ல விரும்பினால், 100 ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். இவற்றில் ஒன்று நிறைவேறிவிட்டால் அரசு பெரும்பான்மை இழந்தது என்று அர்த்தம். எனவே அநேகமாக எதுவும் நிறைவேறாது. இருந்தாலும், அந்தத் தீர்மானத்தைச் சாக்காக வைத்துத்தான் ஒரு உறுப்பினர் அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்கிறார். அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும். அப்புறம் அதை மாற்றிப் பேச முடியாது.

சிக்கல் எங்கே என்றால், விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது நான்கைந்து அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே. ஒதுக்கிய நாட்கள் முடிந்ததும் மீதி அத்தனையையும் சபாநாயகர் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவார். இதற்கு அவையில் கில்லட்டின் என்று பெயர். விவாத நாட்களை அமளியில் தொலைத்தால் முதல் நஷ்டம் கேள்வி கேட்க வேண்டியவர்களுக்குத்தான். 2023இல் எதிர்க்கட்சிகளின் கோரிக்கையில் நியாயம் இருந்ததா இல்லையா என்பது தனி விஷயம். 45 லட்சம் கோடியில் ஒரு ரூபாயைப் பற்றிக்கூட அமைச்சர்கள் அன்று பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1993க்குப் பிறகு இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட வந்தவை துறைசார் நிலைக்குழுக்கள். இப்போது 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் இவை மானியக் கோரிக்கைகளை அலசுகின்றன. சில குழுக்களுக்கு எதிர்க்கட்சியினரே தலைவர்கள். 2024இல் அமைந்த குழுக்களில் உணவு, பொது விநியோகத்துக்கான குழுவுக்குக் கனிமொழியும், தொழில் துறைக் குழுவுக்குத் திருச்சி சிவாவும் தலைவர்களானார்கள். கேமரா இல்லாத அறை என்பதால் கட்சிக்காகப் பேசும் நெருக்கடி அங்கே குறைவு. கொறடா உத்தரவும் கிடையாது. ஆனால் மசோதாக்களை இந்தக் குழுக்களுக்கு அனுப்பும் பழக்கம் தேய்ந்துவிட்டது. 15ஆவது மக்களவைக் காலத்தில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது சுமார் 16 சதவீதம்.

அடுத்தது கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். 230 கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதில் மட்டும் வரும். டிவிக்காரர்களுக்கு முதல் வகை பிடிக்கும். கணக்குப் பார்ப்பவருக்கு இரண்டாவது வகையே பொக்கிஷம்.

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்திருந்தது. பிறகு வருடக்கணக்கில், மருத்துவமனைக்கு இடம் ஒதுக்கிய தோப்பூரில் வேலை பெரிதாக நகரவில்லை. 2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் தூக்கிக் காட்டிய ஒற்றைச் செங்கல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்ற விவரங்களைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்ததில் நாடாளுமன்றக் கேள்விகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மதுரை உறுப்பினர் சு. வெங்கடேசன், விருதுநகர் உறுப்பினர் மாணிக்கம் தாகூர் போன்றவர்கள் விடாமல் இதை எழுப்பினார்கள். இதற்கான பணத்தில் பெரும்பகுதி ஜப்பானின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா தரும் கடன், அந்த ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது, மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்துவிட்டது என்பதெல்லாம் அரசே ஒப்புக்கொண்ட விவரங்களாக மக்கள் முன் வந்தன. கட்டடப் பணி 2024இல் தொடங்கியது. 2022இல் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது கேள்வியின் வடிவம். "எய்ம்ஸ் எப்போது வரும்?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வரும். "ஒப்புதல் கிடைத்த தொகை எவ்வளவு, விடுவித்த தொகை எவ்வளவு, இதுவரை செலவான தொகை எவ்வளவு, தாமதத்துக்குக் காரணம் என்ன, முடிக்க வேண்டிய தேதி எது" என்று பிரித்துப் பிரித்துக் கேட்டால் நழுவுவது கஷ்டம். ஒதுக்கியது ஒன்று, விடுவித்தது ஒன்று, செலவானது ஒன்று. அரசு விளம்பரங்களில் முதல் எண் மட்டுமே வரும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது எதிர்க்கட்சி உறுப்பினரின் வேலை. "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால், அதையும் விட வேண்டியதில்லை. அது ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்க்க உறுதிமொழிக் குழு என்று ஒன்று தனியாக இருக்கிறது.

கேள்வி ஒன்று நிதியமைச்சரையே வீட்டுக்கு அனுப்பிய கதையும் உண்டு. 1957இல், தேசியமயமாகி ஒரு வருடமே ஆகியிருந்த எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளை சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. செப்டம்பரில் அவையில் கேட்ட கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தது. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி ஆதாரங்களோடு எழுந்தார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரி 18 அன்று சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

பெரோஸ் காந்தி எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். இன்று ஓர் ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அமைச்சரை இப்படி நிறுத்தி வைத்துக் கேட்பதைக் கற்பனை செய்வதே கடினம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும் என்றாக்கிவிட்டது. கேள்வி கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும், கட்சித் தலைமையின் பிடி அதற்குப் பிறகு இறுகிவிட்டது. விளைவு, கேள்வி கேட்கும் சுமை முழுக்க எதிர்க்கட்சியின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

இனி, செலவான பிறகு. இங்கேதான் அந்த நாற்காலி வருகிறது.

மத்திய, மாநில அரசுகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது தலைமைக் கணக்குத் தணிக்கையர், அதாவது சிஏஜி. அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவுப்படி அவருடைய அறிக்கை அவையில் வைக்கப்பட வேண்டும். வைத்ததும் அது பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். 1921இலேயே தொடங்கிய குழு இது. பிரிட்டிஷ் காலத்தில் நிதித் துறையைக் கவனித்த நிர்வாகக் குழு உறுப்பினரே இதற்கும் தலைவர். கணக்கு எழுதுபவரே கணக்குக் கேட்பவராகவும் இருந்தார். 1950க்குப் பிறகு இது சபாநாயகரின் கட்டுப்பாட்டில் இயங்கும் குழுவானது. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7, ஆக 22 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும் என்பதால் குழுவிலும் பெரும்பான்மை ஆளுங்கட்சிக்கே. ஆனால் தலைவர் மட்டும் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். பிரிட்டனில் முன்பே இருந்த இந்த வழக்கம் இங்கே 1967இல் வந்தது; சுதந்திராக் கட்சியின் மினு மசானிதான் அப்படி வந்த முதல் தலைவர். அவருக்குப் பின் வாஜ்பாய். அவருக்குப் பின், 1971 முதல் 1973 வரை, நம் திமுகவின் இரா. செழியன்.

இதற்குச் சட்டம் கிடையாது, மரபுதான். 2014இல் காங்கிரஸ் 44 இடங்களுக்குச் சுருங்கி, எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூடக் கிடைக்காத நிலையிலும் இந்த நாற்காலி அவர்களுக்கே கிடைத்தது. கே.வி. தாமஸ், மல்லிகார்ஜுன கார்கே, அதிர் ரஞ்சன் சவுத்ரி, 2024இல் கே.சி. வேணுகோபால் என்று அந்த மரபு தொடர்ந்தது. இதைக் கட்டிக்காத்ததற்காக எல்லாக் கட்சிகளையும் பாராட்ட வேண்டும்.

குழு கூடும்போது என்ன நடக்கிறது? பொதுவாக அமைச்சரைக் கூப்பிட மாட்டார்கள். துறைச் செயலாளர்தான் வந்து உட்கார வேண்டும். சிஏஜியும் அவருடைய அதிகாரிகளும் பக்கத்தில் இருந்து, எந்தப் பத்தியில் எதைக் கேட்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு உதவுவார்கள். நாடாளுமன்றம் அனுமதித்ததைவிடக் கூடுதலாக எந்தத் துறையாவது செலவழித்திருந்தால், அதற்குக் காரணம் கேட்டு, முறைப்படுத்தலாமா கூடாதா என்று சொல்வதும் இந்தக் குழுதான். கொள்கை சரியா தவறா என்பதற்குள் குழு போவதில்லை. அந்தக் கொள்கைக்காகக் கொடுத்த பணம் விரயமானதா, முறைகேடாகச் செலவானதா என்பதுதான் கேள்வி. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு பதில் தந்தாக வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் குழு அதையும் அறிக்கையாக எழுதி அவையில் வைக்கும். கோப்பில் ஒரு செயலாளர் கையெழுத்துப் போடும்போது, என்றாவது ஒரு நாள் அந்த அறையில் போய் உட்கார வேண்டியிருக்கும் என்ற நினைப்பு அவருக்கு இருக்குமல்லவா? அந்த நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

எல்லோரும் ஒத்துப்போய் அறிக்கை தருவது இந்தக் குழுவின் பழக்கம். அது உடைந்தது 2ஜி விவகாரத்தில். 2010 நவம்பரில் வந்த சிஏஜி அறிக்கை, அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பைப் பல விதங்களில் கணக்கிட்டது. அவற்றில் பெரிய எண்தான் 1.76 லட்சம் கோடி ரூபாய். ஆ. ராசா அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அப்போது பொதுக் கணக்குக் குழுத் தலைவர் பாஜகவின் முரளி மனோகர் ஜோஷி. குழு முன் வரத் தயார் என்று பிரதமர் மன்மோகன் சிங்கே அவருக்குக் கடிதம் எழுதினார். ஜோஷி தயாரித்த வரைவு அறிக்கை 2011 ஏப்ரல் 28 அன்று குழுவுக்கு வந்தபோது காங்கிரஸ், திமுக, சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் உறுப்பினர்களாக 11 பேர் எதிர்த்தார்கள். ஜோஷி கூட்டத்தை முடித்துவிட்டு வெளியேற, மீதி இருந்தவர்கள் காங்கிரஸின் சைபுதீன் சோஸைத் தலைவராக்கிக் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஜோஷி வரைவைச் சபாநாயகருக்கு அனுப்பினார். மீரா குமார் அதைத் திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது, அதன் மீதான மேல்முறையீட்டை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. என் ஆதங்கம் வேறு. 1.76 லட்சம் கோடி என்ற எண் எப்படி வந்தது, எந்த அனுமானத்தில் நிற்கிறது, அரசின் மறுப்பில் எவ்வளவு சரி என்பதை நிதானமாக அலச வேண்டிய இடம் அந்தக் குழுதான். சிஏஜியின் கணக்கையும் கேள்வி கேட்கும் உரிமை குழுவுக்கு உண்டு. அந்த வேலை அங்கே முடியாமல் போனதால் அந்த எண் தேர்தல் மேடைக்குப் போனது. தமிழ்நாட்டில் அதை நம்பியவர்களும் நம்பாதவர்களும் கட்சி பார்த்தே முடிவு செய்தார்கள்.

இலங்கையிலும் இதே போன்ற ஒரு சோதனை வந்தது. 2015 பிப்ரவரி 27 அன்று மத்திய வங்கி 100 கோடி ரூபாய்க்குப் பிணைமுறி (அரசுக் கடன் பத்திரம்) ஏலம் அறிவித்துவிட்டு, 1,000 கோடி ரூபாய் வரை ஏற்றுக்கொண்டது. மத்திய வங்கி ஆளுநரின் மருமகனோடு தொடர்புள்ள நிறுவனம் அதில் பெரும்பங்கை எடுத்தது. அரசு நிறுவனங்களின் கணக்கை ஆராயும் கோப் குழுவுக்கு 2016இல் தலைவர் எதிர்த்தரப்பில் இருந்த ஜேவிபியின் சுனில் ஹந்துன்நெத்தி. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அறிக்கையைத் தடுக்கவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தங்கள் அடிக்குறிப்புகளைச் சேர்த்தார்கள். 2016 அக்டோபரில் அந்த அறிக்கை அடிக்குறிப்புகளோடு நாடாளுமன்றத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. மாற்றுக் கருத்தை எழுதிச் சேர்த்துவிட்டு அறிக்கையை வெளியே விட்டார்களே, அதை நான் மதிக்கிறேன். படிப்பவர் இரண்டு பக்கத்தையும் பார்த்து முடிவுக்கு வரலாம்.

குழுவுக்கு அறிக்கை வந்தால்தானே இதெல்லாம்? 151ஆவது பிரிவு, அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் ஆம் ஆத்மி ஆட்சியில் 14 சிஏஜி அறிக்கைகள் சட்டப்பேரவைக்கு வராமல் கிடந்தன. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த விஜேந்தர் குப்தாவும் மற்ற பாஜக உறுப்பினர்களும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது, ஆனால் இதற்காகச் சிறப்புக் கூட்டம் கூட்ட உத்தரவிடவில்லை. பிப்ரவரி தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான், அந்த மாதம் 25ஆம் தேதி, மதுபானக் கொள்கை பற்றிய அறிக்கை அவைக்கு வந்தது. அப்போது சபாநாயகர் இருக்கையில் இருந்தவர் அதே விஜேந்தர் குப்தா. எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, அறிக்கை கிடைத்த இத்தனை நாளுக்குள் வைத்தாக வேண்டும் என்று ஒரு கெடு எழுதப்படாதவரை இது திரும்பத் திரும்ப நடக்கும்.

தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைக்கும் தனிப் பொதுக் கணக்குக் குழு உண்டு. முந்தைய அதிமுக ஆட்சியில் திமுகவின் துரைமுருகன் அதன் தலைவராக இருந்தார். 2021இல் ஆட்சி மாறியபோது அதிமுக 66 உறுப்பினர்களோடு முதன்மை எதிர்க்கட்சி. ஆனால் தலைவரானவர் திமுக கூட்டணியில் வென்ற காங்கிரஸின் செல்வப்பெருந்தகை. காங்கிரஸ் அமைச்சரவையில் இல்லை, அதனால் அது ஆளுங்கட்சி இல்லை என்று வாதிடலாம். இரா. செழியன் தலைவரானபோதுகூட, 1971 தேர்தலில் திமுகவும் இந்திரா காந்தியும் ஒரே அணி என்பதைச் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனாலும் எனக்கு இது சரியாகப் படவில்லை. அடுத்த தேர்தலில் தொகுதிப் பங்கீட்டுக்கு உட்கார வேண்டிய கட்சி நடத்தும் அரசின் துறைச் செயலாளர்களைக் குடைந்து கேட்பது எந்த மனிதருக்கும் தர்மசங்கடம். தனிப்பட்டவரின் நேர்மை பற்றிய சந்தேகம் இல்லை இது. நாற்காலியை எங்கே போடுகிறோம் என்பது பற்றியது.

மாநிலச் சட்டப்பேரவையில் எதிர்க்கட்சி இன்னும் நன்றாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவி கொள்கை விளக்கக் குறிப்பு. துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு துறையும் இதைப் புத்தகமாகவே கொடுக்கிறது. போன வருடம் என்ன செய்தோம், எவ்வளவு செலவு, இந்த வருடம் என்ன திட்டம் எல்லாம் அதில் இருக்கும். விவாதத்தின் முடிவில் அமைச்சர் பதில் சொல்ல எழுந்து, வரிசையாகப் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். மறுநாள் பத்திரிகையில் அந்த அறிவிப்புகள்தான் தலைப்பு. உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் காணாமல் போய்விடும். இதற்கு மாற்று மருந்து எளிது. போன வருடக் குறிப்பையும் இந்த வருடக் குறிப்பையும் பக்கத்தில் வைத்து, போன வருடம் வாசித்த அறிவிப்புகளில் எவற்றுக்கு அரசாணை வந்தது, எவற்றுக்குப் பணம் விடுவிக்கப்பட்டது, எவை சத்தமில்லாமல் கைவிடப்பட்டன என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அதிகாரியும் ஆராய்ச்சிக் குழுவும் இல்லாத ஒரு சாதாரண எம்.எல்.ஏ.கூட ஒரு வாரம் உட்கார்ந்தால் இதைச் செய்துவிடலாம்.

அமைச்சரின் பின்னால் ஒரு துறையே நிற்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினரின் பின்னால் இரண்டு மூன்று உதவியாளர்கள். கட்சிகள் மாநாட்டுக்கும் விளம்பரத்துக்கும் செலவிடுகிற பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு பட்ஜெட் படிக்கத் தெரிந்த நான்கு இளைஞர்களை வேலைக்கு வைத்தால் அவையின் தரமே மாறிவிடும். நாமும் கொஞ்சம் மெனக்கெடலாம். மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள், அமைச்சர்களின் பதில்கள், பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கைகள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைப் போட்டுத் தேடினால், ஐந்து வருடத்தில் அவர் எத்தனை முறை "எவ்வளவு விடுவித்தீர்கள், எவ்வளவு செலவானது" என்று கேட்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.